சர்க்கஸ் கூடாரத்தில் வளர்ந்த பறவைப் பித்தன் கேட்கிறேன்: மறுபடியும் பிரம்பை எடுக்கலாமா?

#1 – கூடாரத்துப் பையன்

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக இக்குழுமத்தைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டவன் நான். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு மட்டும் பட்டியல் அனுப்புவேன். இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டிய நெருக்கடி வந்திருப்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா குதிரைகளைப் பழக்கியவர், அப்பா சிங்கங்களையும் புலிகளையும். சித்தப்பா நாய்களோடு வாழ்ந்தார். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலச்சேரிக்கு அருகே சிறக்கரையில் 1901ஆம் ஆண்டு பயிற்சிப் பள்ளி தொடங்கிய பிறகு, அந்த வட்டாரமே சர்க்கஸ் தொழிலுக்கு நாற்றங்கால் ஆயிற்று என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே கம்பியில் நடக்கக் கற்றுக்கொள்ளப் போன தாத்தா, விழுந்து முழங்கால் உடைந்ததால் குதிரை லாயத்துக்கு வந்தார். எங்கள் குடும்பத்துக்கு விலங்குகள் வந்து சேர்ந்த கதை அவ்வளவுதான்.

நான் 1971இல் பிறந்தேன். முப்பது நாள், நாற்பது நாள் என்று ஒவ்வோர் ஊரிலும் கூடாரம் நிற்கும். பிறகு முளைகளைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புவோம். ஊர்களின் பெயர் எனக்குக் குழம்பும்; பறவைகள் குழம்பமாட்டா. கோவில்பட்டி என்றால், சோளம் முற்றியிருக்கும் நாட்களில் மாலை நேரம் கூடாரத்துக்கு மேலே புகைபோலச் சுருண்டு திரும்பும் சூறைக்குருவிக் கூட்டம். தஞ்சாவூர் என்றால், யானைகள் குளித்து எழுந்த சேற்றில் வரிசையாக நிற்கும் உண்ணிக்கொக்குகள். வேலூரில் திடலை ஒட்டியிருந்த ஆலமரத்தில் குக்குறுவான் ஒன்று பகல் முழுவதும் பாத்திரக் கடைக்காரரைப்போலத் தட்டிக்கொண்டே இருந்தது.

எல்லா ஊருக்கும் பொதுவாக இருந்தவை பருந்துகள். பிற்பகல் நான்கு மணிக்குச் சிங்கங்களுக்கு இறைச்சி வெட்டுவார்கள். மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் கரும்பருந்துகள் மேலே வட்டமிடத் தொடங்கிவிடும். கத்தியை எடுக்கும்வரை உயரத்திலேயே இருக்கும். எடுத்தவுடன் தாழ இறங்கும். வாரத்தில் ஒரு நாள் சிங்கங்களுக்குப் பட்டினி நாள். அந்த நாளை அவை கணக்கு வைத்திருக்கின்றனவா என்று அறிய, ஒரு மாதம் பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். வைத்திருக்கவில்லை. பட்டினி நாளிலும் வரும், கால் மணி நேரம் சுற்றும், வெட்டும் கட்டை காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுக் கலையும். அப்போது எனக்கு ஒன்பது வயது. பறவைகளைப் பற்றி நான் முதன்முதலாக எழுதி வைத்த குறிப்பு அதுதான்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். 1982 சித்திரையில் புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு பொட்டலில் கூடாரம் அடித்தோம். முளை அடிக்கக் குறித்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, சரளைக்கற்களுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. கூரிய முனைகள் நான்கும் உள்நோக்கி, பம்பரங்களைக் கூட்டி வைத்ததுபோல. முளை அடிப்பவர் சம்மட்டியை ஓங்கிவிட்டார். தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறக்கின்றன. அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, கயிற்றைத் தானே அளந்து இரண்டு முழம் இடப்பக்கம் தள்ளிக் குறி போட்டார். முட்டைகளைச் சுற்றி நான்கு குச்சிகளை நட்டுச் சணல் கட்டிவிட்டு, அந்தப் பக்கம் யானைகளை நடத்தக்கூடாது என்று பாகன்களிடம் சொன்னார். அந்த வெயிலில் தாய்ப்பறவை அடைகாத்ததைக் காட்டிலும் முட்டைகளைக் குளிர்வித்த நேரமே அதிகம். யானைத் தொட்டியில் வழிந்த தண்ணீருக்கு நடந்து வரும். வயிற்று இறகு நனையும்படி அமர்ந்து எழும். சொட்டச் சொட்டத் திரும்பிப் போய் முட்டைகளின் மேல் உட்காரும். ஒரே நண்பகலில் ஏழு முறை எண்ணியிருக்கிறேன்.

அப்பா நல்லவர் என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அப்பா விலங்குகளை அடித்ததே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான், எழுதமாட்டேன். அடித்திருக்கிறார். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் எனக்குச் சொல்லித் தந்த ஒரு பாடம் உண்டு: "எந்த மிருகமும் முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் கடிக்கும். அது சொன்னதைக் கேட்காதவன்தான் தையல் போட்டுக்கொள்வான்." காது பின்னால் மடிவது, வாலின் நுனி மட்டும் துடிப்பது, மூச்சு நின்று போவது: இவற்றைப் பார்க்கக் கற்ற கண்ணோடுதான் நான் பறவைகளைப் பார்க்கப் போனேன்.

பதினெட்டு வயதில் எனக்குப் பறவைகளின் காட்சியைக் கொடுத்தார்கள். மூன்று பஞ்சவர்ணக்கிளிகள், இரண்டு காக்கட்டூக்கள். கிளி ஓட்டுவதற்கான சைக்கிளை அப்பாவே செய்தார். நகம் வழுக்காதிருக்க மிதிகட்டையில் பழைய டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அந்தக் காட்சியை நடத்தினேன், கைதட்டல் வாங்கினேன், மகிழ்ந்தும் இருந்தேன்.

சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்கக்கூடாது என்ற மைய அரசின் ஆணை 1998இல் வந்தது. கேரள உயர்நீதிமன்றம் 2000இலும் உச்சநீதிமன்றம் 2001இலும் அதை உறுதிசெய்தன. எங்கள் சிங்கங்கள் வண்டலூரிலுள்ள மீட்பு மையத்துக்கு லாரியில் ஏறிப்போன நாளில் அப்பா சாப்பிடவில்லை. பறவைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் நான் அதே ஆண்டு வெளியேறினேன். காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்தேன். ஏன் வெளியேறினேன் என்பதை இப்போது எழுதவில்லை.

இனி என் கேள்வி. பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் ஒரு தனியார் பொழுதுபோக்குப் பூங்காவினர், தங்கள் கிளிகளைக் காட்சிக்குப் பழக்கித் தரும்படி என்னைக் கேட்கிறார்கள். கடையில் ஆறு மாதத்தில் ஈட்டுவதை ஒரு மாதத்தில் தருகிறார்கள். மகள் கூடாது என்கிறாள். வாழ்நாள் முழுவதும் பறவைகளை நேசித்தவன் என்று என்னை நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த வேலையை ஏற்றால் அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி உண்டா?

#2 – மாடிப் புறா

ஐயா, வணக்கம். ஆள்காட்டியின் பகுதியை வீட்டாருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டினேன்.

தாராளமாகப் போங்கள் என்பதே என் கருத்து. நான் இராயபுரத்தில் முப்பது ஆண்டுகளாக மாடியில் புறா வளர்ப்பவன். பறவையைப் பழக்குவதையும் நேசிப்பதையும் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் கையில் பறவையை வைத்திருந்தவர்களாக இருக்கமாட்டார்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கூடையைத் திறந்துவிடுகிறோம். வானம் முழுவதும் அதற்குத்தான். எங்கு வேண்டுமானாலும் போகலாம். இருந்தும் என் மாடிக்கு வருகிறது. ஒடிசா காவல்துறை 1946 முதல் புறாக்களை வைத்துத் தகவல் அனுப்பியது. வெள்ளத்திலும் புயலிலும் கம்பி அறுந்தபோது அவைதான் கைகொடுத்தன. பழக்கப்பட்ட பறவையை அடிமை என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

நீங்கள் போகாவிட்டால், காது மடிவதும் மூச்சு நிற்பதும் தெரியாத வேறு ஒருவர் அந்த வேலைக்குப் போவார். கிளிகளுக்கு அதனால் என்ன நன்மை?

#3 – நீர்க்காகம்

"நான் செய்யாவிட்டால் வேறொருவர் செய்வார்" என்ற வாதத்தை வைத்து உலகில் எந்த வேலையையும் நியாயப்படுத்திவிடலாம். அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவோம்.

கூடாரத்துப் பையன் அவர்களே, உங்கள் பதிவை மிக்க மரியாதையோடு படித்தேன். மரியாதை இருப்பதாலேயே நேராகச் சொல்கிறேன். பருந்துகளை எண்ணியதும் ஆள்காட்டியைப் பார்த்ததும் நேசம். கிளியை மிதிவண்டியில் ஏற்றியது தொழில். முதலிரண்டிலும் நீங்கள் பறவையிடம் எதையும் கேட்கவில்லை. மூன்றாவதில் பறவைக்குத் தேவையே இல்லாத ஒன்றைப் பசியைக் காட்டி வாங்கினீர்கள். அமேசான் காட்டில் நாளொன்றுக்குப் பல கிலோமீட்டர் பறந்து, களிமண் சரிவுகளில் நூற்றுக்கணக்கில் கூடுகிற பறவை அது. அதை ஒரு மேசையின் மேல் மூன்றடி தூரம் சைக்கிள் ஓட்ட வைப்பதற்கு எவ்வளவு பொறுமை செலவிட்டாலும் அந்தப் பொறுமை நேசமாகிவிடாது.

உங்கள் கேள்விக்கு என் விடை: தகுதி இல்லை. மகள் சொல்வதைக் கேளுங்கள்.

#4 – பாதி உளவியல்

இருவரும் சண்டை போடும் முன் ஒரு செய்தியைச் சேர்த்துவிடுகிறேன். நான் உளவியல் முதுகலை மாணவி; விலங்குகளின் கற்றலைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் கெல்லர் பிரெலாண்ட், மரியன் பிரெலாண்ட் என்று ஓர் இணையர் இருந்தார்கள். உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்தவர்கள். ஆய்வகத்தில் எலியும் புறாவும் கற்றுக்கொள்ளும் முறையை வெளியே எடுத்து வந்து, அதையே தொழிலாக்கினார்கள். ஆர்கன்சாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் கோழிகளும் முயல்களும் வித்தை காட்டும் அரங்கு ஒன்றை நடத்தினார்கள். தண்டனை இல்லை, பரிசு மட்டுமே. எந்த விலங்குக்கும் எதையும் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கையோடு தொடங்கிய அவர்கள், 1961இல் வெளியிட்ட கட்டுரையில் தங்கள் தோல்விகளை வரிசையாக எழுதினார்கள். மரக்காசை எடுத்துப்போய் உண்டியலில் போடக் கற்ற பன்றி, வாரங்கள் போகப் போகக் காசைப் பாதி வழியில் கீழே போட்டு மூக்கால் கிளறத் தொடங்கியது. பசி கூடக் கூடக் கிளறுவதும் கூடியது. கோழி அசையாமல் நிற்க வேண்டிய இடத்தில் தரையைக் கீறியது. கற்பித்த பாடத்தின் அடியிலிருந்து பிறவிக் குணம் மேலே வந்துவிடுகிறது என்பது அவர்கள் கண்டது.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், பழக்குபவர்கள்தான் அந்த எல்லையை முதலில் கண்டுபிடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்கள் அல்லர். ஐயாவிடம் ஒரு கேள்வி: உங்கள் கிளிகள் எப்போதாவது அப்படிப் பாடத்தை விட்டு விலகினவா? நீங்கள் எழுதாமல் விட்ட காரணம் அங்கேதான் இருக்குமோ என்று தோன்றுகிறது. விருப்பமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

#5 – கூடாரத்துப் பையன்

அம்மா, நீங்கள் கேட்டது சரியான இடத்தில்தான் பட்டிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

மூன்று கிளிகளில் மூத்ததான நீலமும் மஞ்சளுமான கிளிதான் சைக்கிள் ஓட்டும். அதைப் பழக்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. முதலில் குச்சியின் நுனியை அலகால் தொட்டால் நிலக்கடலை. பிறகு குச்சி போகும் பக்கம் நடந்தால் கடலை. பிறகு ஒற்றைக் காலை மிதிகட்டையில் வைத்தால் கடலை. காலை உணவுக்கு முன்புதான் பயிற்சி. நீர்க்காகம் அவர்கள் பசி என்று சொன்னதை நான் மறுக்கமாட்டேன். வயிறு நிறைந்த கிளி சைக்கிள் ஓட்டாது.

அது நன்றாக ஓட்டியது. மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நம்பினேன், ஏனென்றால் என்னைப் பார்த்தவுடன் அதன் கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும். இரவில் ஒற்றைக்காலில் நின்று அலகை நறநறவென்று அரைத்துக்கொண்டே தூங்கும். அலகை அரைப்பது கிளி அமைதியாக இருப்பதன் அடையாளம். அதே கிளிதான் 1999 கோடையில் மார்பு இறகுகளைப் பிடுங்கத் தொடங்கியது. முதலில் ஒரு ரூபாய் அளவுக்கு வெறும் தோல் தெரிந்தது. இரண்டு மாதங்களில் மார்பு, வயிறு, தொடை எல்லாம் வெறிச்சோடின. தலையில் மட்டும் இறகு அப்படியே பளபளவென்று இருந்தது, தன் அலகால் எட்ட முடியாத ஒரே இடம் அதுதான் என்பதால். மேலாளர், மார்பை மறைக்கச் சிவப்புத் துணியில் சட்டை தைத்துப் போடச் சொன்னார். தைத்தேன். என் அம்மாவின் கை இயந்திரத்தில் நானே தைத்தேன். மக்கள் அந்தச் சட்டைக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

பாடத்திலிருந்து அது ஒருநாளும் விலகவில்லை, அம்மா. கடைசி நாள்வரை சைக்கிளை ஒழுங்காக ஓட்டியது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. முடியாது என்று சொன்னால் கேட்க அப்பா எனக்குக் கற்றுத் தந்திருந்தார். என் கிளி மேசைமேல் அதைச் சொல்லவே இல்லை. இரவில், கூண்டுக்குள், யாரும் பார்க்காத நேரத்தில் ஒவ்வோர் இறகாகச் சொல்லியிருக்கிறது. காலையில் கூண்டைக் கூட்டும்போது அந்த இறகுகளை அள்ளியவன் நான்தான்.

#6 – மாட்டு டாக்டர்

நான் நாமக்கல்லில் பயின்ற கால்நடை மருத்துவர். வேலையில் பெரும்பாலும் மாடும் ஆடும். கடந்த பத்தாண்டுகளாகக் கூண்டுப்பறவைகளும் நிறைய வருகின்றன.

ஐயா, இறகு பிடுங்கலுக்கு மனவேதனை ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோலில் பூஞ்சைத் தொற்று, கல்லீரல் நோய், துத்தநாகப் பூச்சு பூசிய கம்பியைக் கடித்து வரும் நஞ்சேற்றம், வெறும் சூரியகாந்தி விதையும் கடலையுமே தின்றதால் ஏற்படும் வைட்டமின் ஏ குறைபாடு, வறண்ட காற்று, குளிக்க வாய்ப்பின்மை என்று காரணங்கள் பல. இவற்றையெல்லாம் விலக்கிய பிறகுதான் தனிமை, சலிப்பு, அச்சம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். 1999இல் தமிழ்நாட்டில் கிளியின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எல்லாப் பழியையும் சைக்கிளின்மேல் போட்டுக்கொள்வது மருத்துவப்படி சரியில்லை. முழுக்கத் தவறு என்றும் சொல்லமாட்டேன்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வரி. நம் ஊர்ப் பச்சைக்கிளியை, அதாவது செந்தார்ப் பைங்கிளியை, வீட்டில் வளர்ப்பதே குற்றம். கிளி ஜோசியக்காரர்கள் பிடிபடுவது அதனால்தான். பஞ்சவர்ணக்கிளி வெளிநாட்டுப் பறவை என்பதால் நெடுங்காலம் எந்தச் சட்டத்திலும் சரியாகச் சிக்காமல் இருந்தது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய உடன்படிக்கையின் (CITES) பட்டியலில் உள்ள இத்தகைய பறவைகளை வைத்திருப்பவர்கள் பதிவுசெய்தாக வேண்டும். அந்தப் பூங்காவின் பதிவுச் சான்றுகளைக் கண்ணால் பார்க்காமல் உள்ளே காலை வைக்காதீர்கள்.

#7 – மாடிப் புறா

சட்டை தைத்த பகுதிக்குப் பிறகு எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஆனாலும் நீர்க்காகம் அவர்களுக்கு ஒரு கேள்வி. என் புறா திறந்த வானத்திலிருந்து வீடு திரும்புகிறதே, அதையும் பசியைக் காட்டி வாங்கியது என்பீர்களா?

#8 – நீர்க்காகம்

பசியை மட்டும் அன்று, இணையைக் காட்டியும். பந்தயத்துக்கு முன் ஆண்புறாவையும் பெண்புறாவையும் பிரித்து வைத்து, கிளம்புவதற்கு முன் சில நிமிடங்கள் மட்டும் சேரவிட்டு, பிறகு கூடையில் போடும் வழக்கத்துக்கு உங்கள் வட்டாரத்தில் என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். பல நாடுகளில் அதை விதவை முறை என்றே அழைக்கிறார்கள். வானம் திறந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது விரைந்து திரும்பிவர வேண்டிய காரணத்தைக் கூண்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டல்லவா திறந்துவிடுகிறீர்கள்?

மற்றபடி, கூடாரத்துப் பையன் அவர்களிடம் "தகுதி இல்லை" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஐந்தாம் பதிவை எழுதக்கூடிய ஒருவரைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதியிருக்கக்கூடாது. வேலையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

#9 – நெறியாளர்

புறாப் பந்தயத்தைப் பற்றிப் பேச விரும்புவோர் தனி இழை தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கே கேட்கப்பட்டது கிளிகளைப் பற்றியது.

#10 – ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

நேசம் எங்கிருந்து தொடங்கியது என்பதைக் கொண்டு அதை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சாலிம் அலி சிறுவராக இருந்தபோது சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் கழுத்தில் மஞ்சள் திட்டைக் கண்டு, அது என்ன பறவை என்று தெரியாமல், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலில் போய் நின்றார். அங்கிருந்த மில்லார்டு என்ற ஆங்கிலேயர் அலமாரிகளைத் திறந்து பாடம்செய்த பறவைகளைக் காட்டினார். இந்தியப் பறவையியலின் பெரும்பகுதி அந்த ஏர்கன்னிலிருந்து வந்தது. வேட்டையாடும் குடும்பத்துப் பிள்ளை அவர். துப்பாக்கி பிடித்த கையைக் கழுவிவிட்டுத்தான் பறவையை நேசிக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் நிபந்தனை விதிக்கவில்லை.

எனவே கூடாரத்துப் பையன் அவர்களே, பிரம்பு பிடித்த குடும்பத்திலிருந்து வந்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் முதல் பதிவில் கேட்டது "எனக்குத் தகுதி உண்டா" என்று. அந்தக் கேள்வி உங்களைப் பற்றியது. பூங்காவில் இருக்கும் கிளிகளைப் பற்றி நீங்கள் இன்னும் எதுவுமே எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவை எத்தனை, என்ன வயது, எப்படி இருக்கின்றன?

#11 – கூடாரத்துப் பையன்

ஆசிரியர் ஐயா பிரம்பால் தட்டாமலே தட்டிவிட்டார். அவர் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. நான் பூங்காவுக்குப் போகவே இல்லை, தொலைபேசியில்தான் பேசியிருந்தேன். எனவே சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு போய்வந்தேன்.

நான்கு பஞ்சவர்ணக்கிளிகள், இரண்டு காக்கட்டூக்கள். டாக்டர் சொன்னபடி பதிவுச் சான்றுகளைக் கேட்டேன், காட்டினார்கள். கூண்டுகள் நான் பயந்ததைவிடப் பெரியவை. ஆனால் தரை சிமெண்டு, கடிக்க ஒரு மரக்கட்டைகூட இல்லை, தீனித்தட்டில் சூரியகாந்தி விதையைத் தவிர வேறெதுவும் இல்லை. கோடிக் கூண்டில் நீலமும் மஞ்சளுமாக ஒன்று தனியாக இருந்தது. இடப்பக்கத்து மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல்.

அதன் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முதல் அரை மணி நேரம் இறகுகள் உடம்போடு ஒட்டி, மெலிந்து, கழுத்தை நீட்டியபடி நின்றது. அச்சத்தில் கிளி நிற்கும் நிலை அது. நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தேன். அப்பா புதிய சிங்கத்தின் முன் அப்படித்தான் உட்காருவார். பிறகு இறகு கொஞ்சம் தளர்ந்தது. ஒரு கடலையைக் கம்பிக்கு அருகில் நீட்டினேன். ஒற்றைக் கண்ணால் கடலையைப் பார்த்தது, மறு கண்ணால் என்னைப் பார்த்தது. தண்டில் இரண்டடி நகர்ந்து வந்தது. நின்றது. திரும்பிப் போய்விட்டது. அந்த நொடியில், ஐம்பது வயதைக் கடந்த இந்த மனிதனின் கை தன்னை அறியாமல் கடலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டியது. பழைய கை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கடலையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

உரிமையாளரிடம் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை. கணக்குப் பார்க்கிற மனிதர். மூன்று மாதத்தில் சைக்கிள், கொடி ஏற்றுதல், கூட்டல் கணக்கு ஆகிய மூன்றும் வேண்டும் என்றார். நான் என் நிபந்தனைகளைச் சொன்னேன்: சிறகை வெட்டக்கூடாது; பட்டினி போடக்கூடாது; கூண்டுக்கும் மேடைக்கும் இடையே உள்ள கதவு திறந்தே இருக்க வேண்டும்; கிளி தானாக வந்தால் காட்சி, வராவிட்டால் அன்றைக்குக் காட்சி இல்லை. சீட்டு வாங்கி உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. எனவே காட்சி வேலையை ஏற்கவில்லை.

கிளம்பும்போது, தீனி போடும் இளைஞர்கள் இருவருக்கும் பறவையின் உடல்மொழியைச் சொல்லித் தர வாரம் ஒருநாள் வரமுடியுமா என்று அவரே கேட்டார். பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் தருகிறார். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் ஒப்புக்கொண்டேன். அப்பா செய்த சைக்கிளை விலைக்குத் தருவீர்களா என்றும் கேட்டார். அது கடையில் உத்தரத்தில் தொங்குகிறது, தரவில்லை.

#12 – மாடிப் புறா

ஆறு மாத வருமானம் ஐயா! சரி, உங்கள் கணக்கு உங்களுக்கு. பேருந்துக்குப் பதில் என் நண்பர் வண்டியில் போகலாம். தனிச்செய்தியில் எண்ணை அனுப்புகிறேன்.

#13 – நீர்க்காகம்

வாரம் ஒருநாள் போவதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒன்றைக் கவனத்தில் வைத்திருங்கள். அந்த இளைஞர்கள் உங்களிடம் கற்பதைக் கொண்டு வேறொருவர் அதே கிளியைச் சைக்கிளில் ஏற்றவும் முடியும். உங்கள் கையே தன்னை அறியாமல் முன்னே போயிற்று என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

#14 – கூடாரத்துப் பையன்

உண்மை. அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

#15 – மாட்டு டாக்டர்

கோடிக் கூண்டுக் கிளியின் எடை என்ன? அந்த இனத்துக்கு ஒரு கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். தராசின்மேல் ஒரு தண்டைக் கட்டிவிட்டால் அதுவே ஏறி நிற்கும். பிடித்து அமுக்க வேண்டியதில்லை. விதையைக் குறைத்துக் கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை, வேகவைத்த சோளம் என்று மெல்ல மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் பட்டினி கிடந்துவிடும். காலையில் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள், வேண்டாமென்று விலகினால் விட்டுவிடுங்கள். கம்பியில் துத்தநாகப் பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரத்தம் எடுக்க நானே ஒருநாள் வருகிறேன்.

#16 – கூடாரத்துப் பையன்

டாக்டருக்கு நன்றி. மூன்று செவ்வாய்க்கிழமைகள் போய்வந்துவிட்டேன். வேப்பங்கட்டைகளைப் போட்டோம், நான்கு நாளில் தூளாக்கிவிட்டது. பரங்கிக்காயைத் தொடவில்லை, முருங்கைக்கீரையைக் காம்போடு கொத்தாகத் தொங்கவிட்டால் மட்டும் பிய்த்துப் போடுகிறது, பாதியைத் தின்கிறது. தண்ணீர் தெளித்தபோது முதல் நாள் விலகியது, இரண்டாம் வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. இடப்பக்கத்தில் குருத்திறகு நான்கைந்து முளைத்திருந்தன. நேற்றுப் பார்க்கும்போது அவற்றில் இரண்டைக் காணவில்லை.

தராசில் தண்டு கட்டி வைத்திருக்கிறோம். பக்கத்துக் கூண்டுக்காரர்கள் ஏறிவிட்டார்கள். இது இன்னும் ஏறவில்லை. தட்டைக் கூண்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை எடை கிடைத்தால் எழுதுகிறேன்.